நான் ‘வேண்டாம்’ என்று டிக் போட்ட படிவம்

என் கழுத்தில் கட்டி இருப்பதை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, வள்ளி. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பூச்செடி விற்கிறவள். குடல்வால் ஆபரேஷனுக்கு வந்து படுத்திருந்தாள். அவளுக்காக நான் ஜெபித்து, ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால், அவள் என் கழுத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீ கண்ண மூடிகினு ஜெபம் பண்ணசொல்ல உன் கய்த்துல ஒரு உருண்ட ஏறி ஏறி எறங்குது. இன்னாக்கா அது?"

எனக்குக் கோபம்தான் வந்தது. உனக்காக நான் உருகி உருகி ஜெபித்தால் நீ கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு வேடிக்கையா பார்க்கிறாய் என்று. ஆனாலும் அறைக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நின்று எச்சிலை விழுங்கிப் பார்த்தேன். வள்ளி சொன்னது சரி. இடது பக்கம், நெல்லிக்காய் அளவில் ஒன்று மேலே போய்க் கீழே இறங்கியது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் ஹெலன். தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் சாப்ளின். டாக்டர் உடம்பைப் பார்ப்பார், நர்ஸ் மருந்து கொடுப்பார், படுத்திருக்கிறவரின் பயத்தையும் அழுகையையும் பார்த்துக்கொள்ள எங்கள் துறை. கட்டிலருகே உட்கார்ந்து பேசுவோம், ஜெபிப்போம், கேட்டால் பாடுவோம். காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி முழுவதும் ஒலிபெருக்கியில் கேட்கிற ஜெபமும் என் குரல்தான். இருபத்திரண்டு வருடமாக அந்தக் குரலை வைத்துத்தான் பிழைப்பு. வீட்டிலும் அதே கதைதான். தண்ணீர் மோட்டாரை நிறுத்த மறந்து டேங்க் வழிந்தால் நான் போடுகிற சத்தம் மூன்று தெரு தாண்டிக் கேட்கும் என்பார் என் கணவர் ராஜன்.

முதலில் ஸ்கேன் எடுத்தார்கள். அடுத்து ஊசி. மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் குத்தி, கொஞ்சம் செல்களை உறிஞ்சி எடுத்து, கண்ணாடித் துண்டில் பரப்பிப் பார்ப்பார்கள். வலி பெரிதில்லை. முடிவுக்குக் காத்திருப்பதுதான் பெரிது. அந்த நாற்காலி வரிசையை நான் ஆயிரம் தடவை கடந்திருக்கிறேன், "பயப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டே. உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, டோக்கன் நம்பர் காட்டுகிற பலகை பாதிப் பேருக்குத் தூணில் மறைந்துவிடுகிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து போய் எட்டிப் பார்க்க வேண்டும். அந்த நேரம் பார்த்து என்னைத் தெரிந்த நர்ஸ் ஒருத்தி வந்து "பயப்படாதீங்கக்கா" என்றாள். ஓங்கி ஒன்று வைக்கலாமா என்று இருந்தது.

ஆபரேஷன் செய்கிற டாக்டர் மாலதி சுற்றி வளைக்காமல் சொன்னார். "தைராய்டு கேன்சர்க்கா. ஆனா இருக்கறதுலயே நல்லா குணமாகற வகை. தைராய்டை முழுசா எடுத்துடுவோம். அப்புறம் தினமும் காலையில வெறும் வயித்துல ஒரு மாத்திரை. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்றவர் பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார். வேறு என்ன என்று கேட்டேன்.

"குரலுக்கான நரம்பு தைராய்டுக்குப் பின்னாலதான் போகுது. ரெண்டு பக்கமும் ஒண்ணு ஒண்ணு. தையல் நூல் கனம்தான் இருக்கும். உங்களுக்கு இடது பக்கம் கட்டி அதை ஒட்டிக்கிட்டிருக்கற மாதிரி தெரியுது. காப்பாத்தத்தான் பார்ப்பேன். முடியலன்னா குரல் கம்மிடும். பாட முடியாம போகலாம்."

கேன்சர் என்ற சொல் என் காதில் விழுந்து அப்படியே போய்விட்டது. பாட முடியாது என்பது மட்டும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் காலை ஊழியர் ஜெபத்தில் எனக்காக ஜெபித்தவர் பெஞ்சமின். பத்து வருடமாக என்னோடு இருக்கும் இன்னொரு சாப்ளின், நல்ல மனுஷர். "கர்த்தாவே, எங்கள் அக்காவின் குரலை நீர் எடுத்துக்கொண்டாலும் உம்முடைய சித்தமே ஆகட்டும்" என்றார். இருபது பேரும் சேர்ந்து "ஆமென்" என்றார்கள்.

என் குரல் போவதற்கு இருபது பேர் ஆமென் போட்டுவிட்டார்கள்! அப்படியே எழுந்து வெளியே வந்துவிட்டேன். கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். எடுத்துக்கொள்ளும் என்று சொல்ல அது என்ன, அவர் குரலா?

கோபம் கொஞ்சம் அடங்கிய பிறகுதான் உறைத்தது. அது பெஞ்சமினின் வாக்கியம் இல்லை. என்னுடையது. பத்து வருடமாக என்னிடம் கேட்டுக் கேட்டுப் பழகியதைத்தான் அவர் எனக்கே திருப்பிக் கொடுத்திருந்தார்.

உடனே குமார் ஞாபகம் வந்தார். ஊரப்பாக்கம் ஸ்டேஷன் பக்கத்தில் தையல் கடை வைத்திருப்பவர். இன்ஜினை ஓட விட்டுக்கொண்டே பைக் செயினைத் துடைத்திருக்கிறார். வலது கையில் இரண்டு விரல் மாட்டி நசுங்கிவிட்டது. ஆபரேஷனுக்கு முன்னால் அவர் கட்டிலருகே போய், "விரல் இருந்தாலும் போனாலும் உம்முடைய சித்தம்" என்று நீட்டி முழக்கினேன். கண்ணைத் திறந்தபோது அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். என் நோட்டில் 'அமைதியாக ஏற்றுக்கொண்டார்' என்று எழுதிவைத்தேன். அமைதியாவது ஒன்றாவது. இந்தம்மா எப்போது எழுந்து போகும் என்று காத்திருந்திருக்கிறார்.

கர்த்தர்மேல் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவரை விட்டு நான் நகரவில்லை. எனக்கு வேண்டியதை நான் கேட்பதற்கு முன்னாலேயே கதவைச் சாத்துகிற அந்த ஜெபம்தான் எனக்கு வேண்டாம். எனக்குக் குரல் வேண்டும். அதைக் கேட்கத்தான் போகிறேன் என்று முடிவு செய்துகொண்டேன்.

பிரஷர் எகிறி நின்றதால் ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்னதாகவே அட்மிட் ஆகச் சொன்னார்கள். பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில். நர்ஸ் ஒரு படிவத்தை நீட்டினாள். 'ஆன்மிகத் துணை: வேண்டும் / வேண்டாம்.' எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிற எல்லோருக்கும் அதைக் கொடுப்பார்கள். நான் எழுதிய படிவம். யாரோ ஒருவர், தன் அம்மாவைக் கேட்காமலே ஜெபித்துவிட்டார்கள் என்று வருத்தப்பட்டுச் சொன்னதிலிருந்து கொண்டுவந்தோம். கூடவே ஒரு விதியும் போட்டேன். 'வேண்டாம்' என்று குறித்தவரின் கட்டிலுக்கு எங்கள் துறையில் யாரும் போகக் கூடாது. பெஞ்சமின் ஒருமுறை அப்படிப் போய் ஒரு பெரியவரிடம் கிரிக்கெட் பேசிவிட்டு வந்ததற்கு அவரை வராந்தாவில் நிறுத்தி வறுத்தெடுத்திருக்கிறேன்.

பேனாவை வாங்கி 'வேண்டாம்' என்பதில் டிக் போட்டேன். நர்ஸ் படிவத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அக்கா, மாத்திப் போட்டுட்டீங்க."

"சரியாத்தான் போட்டிருக்கேன்."

மதியத்துக்குள் ஆஸ்பத்திரி முழுவதும் தெரிந்துவிட்டது. கேன்டீன்காரர் வரைக்கும். ஆனால் என்னிடம் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை, ஏனென்றால் எங்கள் துறையிலிருந்து ஒருவரும் வரவில்லை. விதியை மதித்தார்கள். நான் வேண்டாம் என்றது அந்த வாக்கியத்தைத்தான், ஆட்களை இல்லை. என் படிவத்தில் அதைச் சொல்ல இடமில்லை. ராஜன் ரயில்வே பணிமனையில் ஷிஃப்ட் முடிந்து சாயங்காலம்தான் வருவார். அதுவரை யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் வாசலைப் பார்த்தேன். அவ்வளவு பிடிவாதக்காரி அப்படிப் பார்த்தேன் என்பதை எழுதத்தான் வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால் பெஞ்சமின் தினமும் வந்தார். பக்கத்துக் கட்டிலுக்கு. அங்கே பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் முடிந்து நூர்ஜகான் படுத்திருந்தார். பல்லாவரத்துக்காரர், கணவருக்குத் தோல் பை, பெல்ட் வியாபாரம். அவர் படிவத்தில் 'வேண்டும்' என்று டிக் போட்டிருந்தார்.

"யாராச்சும் வந்து பேசினா நேரம் போவும்னு போட்டேன் சார்," என்றார் பெஞ்சமினிடம். "அல்லாகிட்ட துஆ நானே கேட்டுக்குவேன். நீங்க சும்மா உக்காந்து பேசுங்க."

பெஞ்சமினும் ஸ்டூலை இழுத்துப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேசினார். சந்தையில் பழைய மிக்ஸி வாங்கலாமா, வாங்கினால் எத்தனை நாள் ஓடும் என்று அரை மணி நேரம். அவர் முதுகுக்கும் என் கட்டிலுக்கும் இடையே மூன்றடி இருக்கும். இரண்டாம் நாள் நூர்ஜகானுக்குப் பொறுக்கவில்லை.

"சார், பக்கத்துல உங்க ஆஸ்பத்திரி அக்காதான படுத்துகினு கீறாங்க? ஒரு வார்த்த கேக்க மாட்றீங்க. ரெண்டு பேருக்கும் சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்லம்மா. ரூல்ஸ். அந்தக்காவே போட்ட ரூல்ஸ்."

"இன்னா ரூல்ஸோ. பேஜார் புடிச்ச ரூல்ஸு."

பெஞ்சமின் குரலைக் கொஞ்சம் உயர்த்தினார். "கழுத்து ஆபரேஷன்லாம் நம்ம மாலதி டாக்டர் ரொம்ப நிதானமா பண்ணுவாங்கம்மா. நரம்பு எங்க போகுதுன்னு மிஷின் வெச்சுப் பார்த்துப் பார்த்துதான் பிரிப்பாங்க. பயமே வேணாம்."

"எனக்குப் பித்தப்பை சார்."

"பொதுவா சொன்னேம்மா."

போர்வையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு சிரித்தேன். கட்டியைக் கண்ட நாளிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு.

மறுநாள் காலை நூர்ஜகானை வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளம்பும்போது ஒரு டப்பா பேரீச்சம்பழத்தை என் மேஜையில் வைத்துவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். அத்தனை நாளில் யாரும் கேட்காத கேள்வி. குரல் வேண்டும் என்றேன்.

"அப்ப அத்தத்தான் கேப்பேன். வேற எதையும் கூட சேத்துக்க மாட்டேன்," என்றார். அவர் போனதும் அந்தக் கட்டிலில் ஆள் இல்லை. பெஞ்சமினுக்கு வார்டுக்குள் வரக் காரணமும் இல்லை. அன்று முழுவதும் அவர் வரவில்லை.

அடுத்த நாள் காலை ஏழரைக்கு என்னை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனார்கள். ராஜன் லிஃப்ட் வரைக்கும் என் காலைப் பிடித்துக்கொண்டே வந்தார். அதற்கு மேல் அவரை விடவில்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஒரு நிமிடம் நிறுத்துவது வழக்கம். வேண்டுமென்றவருக்கு அங்கே ஜெபிப்போம். கண்ணாடி, பல்செட் போன்றவற்றைக் கழற்றி வாங்கிக்கொள்வதும் அங்கேதான். அந்த வாசலில் நான் எத்தனையோ பேரின் கண்ணாடியை வாங்கியிருக்கிறேன்.

பெஞ்சமின் நின்றுகொண்டிருந்தார். கையில் வேதப்புத்தகம் இல்லை.

"கட்டிலுக்குப் போகக் கூடாதுன்னுதானேக்கா எழுதியிருக்கீங்க. இது ஸ்ட்ரெச்சர்," என்றார். "நான் ஜெபிக்க வரல. கண்ணாடிய வாங்கிக்க வந்தேன்."

கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன். அவர் முகம் மங்கலாகிவிட்டது. அழுகிறாரா என்றுகூடத் தெரியவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன், அது தெரியும்.

"பெஞ்சமின், நான் பண்றேன், நீங்க கூட நில்லுங்க," என்றேன். அந்தக் குரலில் நான் பேசுவது அதுதான் கடைசியாக இருக்கலாம் என்று தெரிந்தே சத்தமாகச் சொன்னேன். "கர்த்தாவே, எனக்கு என் குரல் வேணும். பாடறதுக்கு வேணும், சண்டை போடறதுக்கு வேணும். மத்தது எது நடந்தாலும் பார்த்துக்கறேன். இது எனக்கு வேணும்."

பெஞ்சமின் ஆமென் சொன்னார். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர், நெற்றியில் விபூதி வைத்திருந்தவர், அவரும் சொன்னார்.

கண் விழித்தபோது நர்ஸ் "பேர் சொல்லுங்க" என்றாள். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

அடுத்த நாட்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கழுத்தில் ஒரு குழாய், அதன் முனையில் ரத்தநீர் சேர்கிற ஒரு சின்னப் புட்டி. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை "உதட்டைச் சுத்தி மரத்துப்போகுதா, விரல் கூசுதா" என்று கேட்பார்கள். தைராய்டுக்குப் பின்னால் உடம்பின் கால்சியத்தைக் கவனிக்கிற சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன, ஆபரேஷனில் அவை அடிபட்டால் கால்சியம் இறங்கும், அப்போது கூச்சம் வரும். எனக்கும் வந்தது, மாத்திரையில் அடங்கியது. பிறகு மூக்கு வழியாக மெல்லிய கேமரா குழாயை இறக்கி "ஈ" சொல்லச் சொன்னார்கள். குரல்வளையில் இரண்டு நாண்கள் இருக்கும், அவை வந்து சேர்ந்தால்தான் சத்தம். என் வலது நாண் அசைந்தது. இடது நாண் வரமாட்டேன் என்று நின்றது.

"நரம்பு அறுபடல," என்றார் மாலதி டாக்டர். "கட்டியைப் பிரிக்கறப்ப இழுபட்டிருக்கு. திரும்ப வரும்னுதான் நினைக்கிறேன். எவ்வளவு வரும்னு இப்ப சொல்ல முடியாது. தினமும் பயிற்சி பண்ணுங்க."

பயிற்சி செய்தேன். வீட்டுக்கு வந்த மறுநாளிலிருந்து காலையும் மாலையும் மொட்டைமாடியில் தண்ணீர் டேங்க் பக்கத்தில் நின்று "ஈ… ஈ…" என்று காற்றைத் தள்ளினேன். காக்கைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. விடவில்லை. ஒரு நாள் மாலை கீழே இருந்து என் குரல் கேட்டது. என்னுடைய பழைய குரல், முழுசாக, தொண்டை கிழிய.

"ஏங்க! மோட்டார் ஓடுது! காது கேக்கலையா? டேங்க் வழியுது!"

ஓடி இறங்கினேன். ராஜனின் போன் மேஜையில் அலறிக்கொண்டிருந்தது. மோட்டாரை நிறுத்த அவர் வைத்துக்கொண்ட அலாரம். நான் அட்மிட் ஆவதற்கு முன்னால் மூன்று நாள் விடாமல் டேங்க் வழிந்தது மறதியால் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. வேண்டுமென்றேவா என்று காற்றுக் குரலில் கேட்டேன்.

"நீ நல்ல வார்த்தை பேசறப்ப ரெக்கார்ட் பண்ணலாம்னுதான் பார்த்தேன்," என்றார். "அது எப்ப வரும்னு தெரியல. இது கரெக்டா வரும்."

சிரித்தேன், சத்தம் வரவில்லை. அழுதேன், அதற்கும் சத்தம் வரவில்லை. அந்த மனுஷரைக் கட்டிக்கொண்டேன்.

மூன்றாவது மாதம் குரல் பாதி வந்தது. கரகரவென்று, தேய்ந்த ஒரு குரல். பாட்டு வரவில்லை. வரும் வரை மொட்டைமாடியை விடப்போவதில்லை. இதற்குள் வேலைக்குத் திரும்பிவிட்டேன். ஒலிபெருக்கி ஜெபம் இப்போது பெஞ்சமினிடம். படிவத்தில் மூன்றாவதாக ஒரு வரி சேர்த்தோம். 'ஜெபம் வேண்டாம், யாராவது வந்து உட்கார்ந்தால் போதும்.' அதில் டிக் போடுகிறவர்களில் எங்கள் சபைக்காரர்களும் நிறைய. அதைப் பற்றி நாங்கள் யாரும் பேசிக்கொள்வதில்லை.

இன்னொரு வேலை பாக்கி இருந்தது. ஒரு சனிக்கிழமை தாம்பரத்தில் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறி ஊரப்பாக்கத்தில் இறங்கினேன். குமார் கடை இருந்தது. உள்ளே பள்ளிச் சீருடைகள் குவிந்திருக்க, மிஷினுக்குப் பின்னால் அவர். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து எழுந்து நின்றார். வலது கை மேஜைக்குக் கீழே போய்விட்டது.

"வாங்கக்கா. ஆஸ்பத்திரி அக்கா தான?"

ஆமாம் என்றேன். குரல் அவருக்கு எட்டவில்லை. மிஷினைச் சுற்றிக்கொண்டு கிட்டே வந்து காதைக் கொடுத்தார். கழுத்துத் தழும்பைப் பார்த்து அவரே புரிந்துகொண்டார்.

"அன்னைக்கு உங்களுக்கு என்ன வேணும்னு நான் கேக்கவே இல்ல," என்றேன். "இப்ப கேக்க வந்தேன். என்ன வேணும்னு இருந்துச்சு?"

அவர் தோளில் தொங்கிய இன்ச் டேப்பை எடுத்து மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார்.

"வெரலு போயிடும்னு டாக்டரு முன்னாடியே சொல்லிட்டாருக்கா. அது தெரியும். கட்டப் பிரிச்சுட்டு டிரெஸ்ஸிங் மாத்த நர்ஸம்மா வர்ற நேரத்துல நீங்க வந்தீங்க. கை அப்டியே தொறந்து கெடந்துச்சு. வூட்ல யாரும் அதப் பாக்க மாட்டேன்னுட்டாங்க, பயந்துகினு. நீங்களாச்சும் பாப்பீங்கன்னு நெனச்சேன். நீங்க வந்ததும் கண்ண மூடிட்டீங்க."



குமார் சீருடைகளைத் தள்ளி மேஜையில் இடம் செய்து, வலது கையை எடுத்து வைத்தார். கட்டைவிரல் இருந்தது, மோதிர விரலும் சுண்டுவிரலும் இருந்தன. நடுவில் இரண்டு முண்டு, ஒன்றின் மேல் தையல் போட்ட தடம். நான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, குனிந்து, பார்த்தேன்.